டிஷ்வாஷருக்குப் பவுடரா, டேப்லெட்டா?

விலை: ஒரு கழுவலுக்குக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் பவுடர்தான் மலிவு. பாத்திரம் குறைவென்றால் அளவைக் குறைக்கலாம், டேப்லெட்டில் முடியாது.

வைத்திருப்பது: சிங்கப்பூர் ஈரக்காற்றில் டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் பவுடர் கல்லாக இறுகிவிடும். டேப்லெட்டும் லேசுப்பட்டதல்ல. ஈரக்கையால் எடுத்தால் மேலுறை விரலில் பிசுபிசுவென ஒட்டும்.

கழுவல்: சாம்பார் காய்ந்த தட்டு, நெய்ப்பிசுக்கு எல்லாம் நீண்ட சூடான சுற்றில் இரண்டிலும் போய்விடும். விரைவுச் சுற்றில் டேப்லெட் சில சமயம் பாதிதான் கரையும். பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறைக்கு இரண்டுமே கைவிரிக்கும்!

சரி, எதை வாங்க? வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் இரண்டு பேர், அடிக்கடி விரைவுச் சுற்று என்றால் பவுடர். இயந்திரத்தை நிரப்பி ஓட்டும் பெரிய குடும்பத்துக்கு, அளக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு டேப்லெட். அதைக் கதவிலுள்ள சிறு அறையில்தான் போட வேண்டும். அடியில் வீசினால் முன்கழுவலிலேயே கரைந்து வீணாகும்.