சுரண்டிய தாரைக் கலந்து போட்ட ரோடு: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

காங்கயம் பக்கம் எங்களுக்குத் தேங்காய்க் களமும் சின்னதாக ஒரு எண்ணெய் மில்லும் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து களம் வரை சொந்தத் தடம், முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலத்து இட்டேரிதான், இரண்டு பக்கமும் வேலி போட்ட வண்டித்தடம். அப்பா தார் போட்டார். தேங்காய் லோடு, பருப்பு (கொப்பரை) லோடு, டேங்கர் என்று தினமும் ஏழெட்டு வண்டி வந்து போகும்.

பழைய தார் மேலேயே இரண்டு முறை புதுத் தார் போட்டதில் தடம் குடோன் வாசலைவிட உயர்ந்துவிட்டது. ஒரு ஐப்பசி மழையில் பருப்பு மூட்டைக்கு அடியில் தண்ணீர். எடை மேடைப் பக்கம் லாரி குதித்துத்தான் ஏறும். சுரண்டாமல் வேறு வழியில்லை. ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்ட பிறகு, மில்லிங் மெஷின் எங்கள் பக்கமும் கண்ணில் படத் தொடங்கியிருந்தது. ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம்.

சுரண்டியதைக் குழியில் கொட்டாமல் புதுக் கலவையில் கால் பங்கு சேர்க்கலாம் என்றார் காண்ட்ராக்டர். இது நாட்டு வைத்தியம் ஒன்றுமில்லை; ரோடு போடுவதற்கான தர விதிகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் 2015-லேயே இதற்கு 120-ஆம் எண் வழிகாட்டி போட்டிருக்கிறது. கணக்கும் நியாயமாக இருந்தது. ஒரு டன் கலவைக்கு ஏறக்குறைய 50 கிலோ தார் வேண்டும். சுரண்டியெடுத்த பழைய பொடி கால் டன்னிலேயே பத்து கிலோ போல ஒட்டிக்கொண்டு வருகிறது. அது முழுக்க இளகி வேலை செய்யாது என்றாலும், ஜல்லியும் அந்த அளவுக்கு மிச்சம்.

கோட்டை விட்டது குவியலில். தென்னை ஓரத்தில் திறந்தவெளியில் கிடந்தது, இரண்டு மழை வாங்கியது. முதல் பாதி ரோட்டை அந்த ஈரப்பொடியிலேயே போட்டார்கள். மேஸ்திரி மட்டும் சொன்னார்: “ஏனுங்ணா, பொடி நனைஞ்சு கெடக்குதுங்க. போற சூடெல்லாம் ஆவியாத்தான் போகும், கலவை காயாதுங்க.” யார் கேட்டோம்? விஜி-30 என்ற தரத் தார் போட்ட கலவை ரோட்டில் விழும்போது 140 டிகிரியாவது இருக்க வேண்டும், 90-க்கு இறங்கும் முன் ரோலர் வேலை முடிய வேண்டும். எங்களுக்கு வந்த டிப்பரில் புகை இருந்தது, சூடு இல்லை. மார்கழிக்குள் சிப்ஸ் ஜல்லி பெயர்ந்து, செருப்புக்கு அடியில் நறநறவென்றது.

அடுத்த பாதிக்கு வெயில் வரும்வரை பொறுத்தோம். பொடியைச் சலித்து, மண்கட்டியைப் பொறுக்கிப் போட்டு, மட்டை போடும் ஓரக்களத்தில் தேங்காய் காயவைப்பது போலப் பரப்பிக் கிளறிவிட்டோம். களத்து ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. “பருப்பு காயற எடத்துல தாரைக் கொட்டறதாடா?” அடியில் தார்ப்பாய் விரித்திருந்தும் திட்டு திட்டுதான்.

கலவை போடும் பிளான்டையும் மாற்றினோம். பழைய பொடி நெருப்பில் நேராகப் படக்கூடாது; படப்பட அதில் இருக்கும் தார் கருகிப் போகும். புது ஜல்லியைக் கூடுதலாகச் சூடாக்கி, அந்தச் சூட்டில் பொடியை இளக்க வேண்டும். ஜல்லி சூடாகும் டிரம்மின் நடுப்பகுதியில் பொடி விழும் வசதி உள்ள பிளான்டாகப் பார்த்தோம். பழைய தார் வெயிலிலும் காற்றிலும் இறுகிப் போனது என்பதால் விஜி-30-ஐ விட்டு, இளக்கமான விஜி-10 சேர்த்தார்கள். சின்ன அளவுக்குப் பிளான்ட்காரர்கள் மெஷினை ஓட்ட மாட்டார்கள். பக்கத்து அரிசி மில்காரரைக் கூட்டுச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இந்தப் பாதி எனக்குத் திருப்தி. லோடு லாரி மணிக்கணக்கில் நிற்கும் எடை மேடை முகப்பில், முன்பெல்லாம் கோடையில் டயர் தடம் பள்ளமாக விழும். இப்போது இல்லை. இறுகிய தார் அதில் இருப்பது இங்கே நல்லதாகவே போயிற்று. தண்ணீர் பைப் புதைத்த இடத்தில் மட்டும் விரிசல் கண்டது. அங்கே அடிமண்ணே இறங்கியிருக்கிறது, கலவை மேல் பழி போட முடியாது.

போட்ட காசுக்கு அதிகம் உழைத்தது என்னவோ மிஞ்சிய பொடிதான். அதைச் சூடாக்காமல் அப்படியே லாரி நிறுத்துமிடத்தில் நான்கு அங்குலம் பரப்பி, சித்திரை வெயிலில் மத்தியானம் ரோலர் விட்டோம். வெயிலிலேயே இளகி ஒட்டிக்கொண்டது. செம்மண் புழுதி அடங்கியது, பருப்பில் தூசி விழுவது குறைந்தது. டீசல் சொட்டும் இடமும், லாரி நின்ற நிலையில் ஸ்டீயரிங் ஒடிக்கும் இடமும் உதிர்ந்துவிடும். வருடம் ஒரு முறை கோடையில் கூட்டி அள்ளி மறுபடி ரோலர் விடுகிறோம், அவ்வளவுதான். இதையே மார்கழியில் செய்தால் வெறும் ஜல்லிக்குவியலாகக் கிடக்கும்.

முதல் பாதியை வரும் சித்திரையில் திரும்பவும் சுரண்டப் போகிறோம். பொடியைப் போட்டு வைக்கப் மாடு கட்டும் பழைய கட்டுத்தரையைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டார் அப்பா. களத்துப் பக்கம் மட்டும் கொண்டுவரக் கூடாதாம்.