சர்வர் அமைவுக் கோப்பை ஜாவாவில் ஏற்ற எது ஏற்றது: இஎம்எஃப், ஜாக்ஸ்பி, டைஜெஸ்டர்

ஜாவா பயன்பாடுகளை இயக்கும் சர்வர்களான டாம்கேட்டிலும் மரபான வெப்ஸ்பியரிலும் முதன்மை அமைவுக் கோப்பின் பெயர் ஒன்றுதான்: சர்வர்.எக்ஸ்எம்எல். பெயர் ஒன்றானாலும் இரண்டையும் ஒரே கருவியால் படிக்க முயல்வது வீண்வேலை.

டாம்கேட்டின் கோப்பில் நேம்ஸ்பேஸ் (உறுப்புப் பெயர்களை வேறுபடுத்தும் பெயர்வெளி) இல்லை. ஒரு சர்வர், அதற்குள் சர்வீஸ், அதற்குள் 8080 போர்ட்டில் கேட்கும் கனெக்டர் என்று எளிய மரமாக அது இருக்கும். டாம்கேட்டே அதை, எக்ஸ்எம்எல் உறுப்புகளை விதிகளின்படி ஜாவா ஆப்ஜெக்டுகளாக்கும் டைஜெஸ்டர் கொண்டுதான் ஏற்றுகிறது. பண்பின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் லாகில் ஓர் எச்சரிக்கை வரும், சர்வர் எழுந்துவிடும். ஆனால் டைஜெஸ்டர் படிக்க மட்டுமே தெரிந்தது. மாற்றியதைத் திரும்ப எழுதாது.

வெப்ஸ்பியரின் கோப்போ எக்ஸ்எம்ஐ (மாடல்களை எக்ஸ்எம்எல்லில் எழுதும் தரநிலை) வடிவிலானது. அதில் ஒரு செயின் (வரும் இணைப்பைக் கையாளும் சேனல்களின் வரிசை), தனக்குரிய டிசிபி சேனலையும் எச்டிடிபி சேனலையும் அடையாளங்களால் சுட்டும். ஒவ்வொரு சேனலும் எந்த வகை என்பதை எக்ஸ்எம்ஐயின் டைப் பண்பு சொல்லும். கோப்பின் கட்டமைப்பை வரையறுக்கும் மாடலின் ஜார் கையில் இருந்தால், எக்லிப்ஸின் மாடலிங் கருவியான இஎம்எஃப் இவற்றை உரிய கிளாஸ்களின் ஆப்ஜெக்டுகளாக இணைத்தே தந்துவிடும். எக்ஸ்எம்எல்லை ஜாவா கிளாஸ்களோடு பொருத்தும் ஜாக்ஸ்பியும் ஒரே கோப்புக்குள் அடையாளங்களை இணைக்கும் என்றாலும், வகையை அது எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் எக்ஸ்எஸ்ஐ டைப் பண்பில்தான் தேடும் என்பதால், இங்கே நாமே அடாப்டர் (இடைமாற்று நிரல்) எழுத வேண்டியிருக்கும். அதோடு, ஜேடிகே 11 முதல் ஜாக்ஸ்பி தனி ஜாராகத்தான் கிடைக்கிறது.

இஎம்எஃப்பையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. சேனலில் உள்ள 'டபிள்யூசி_டீஃபால்ட்ஹோஸ்ட்' என்பது வெறும் பெயர். அதற்குரிய 9080 என்ற போர்ட் சர்வர்இன்டெக்ஸ் கோப்பில் இருப்பதால், அந்தத் தேடலை நாம்தான் எழுத வேண்டும். எக்லிப்ஸுக்கு வெளியே இயக்கும்போது, கோப்பு நீட்சிக்கான ரிசோர்ஸ் ஃபேக்டரியையும் (கோப்பை ஏற்றும் பகுதியை உருவாக்குவது) மாடல் பேக்கேஜையும் முதலிலேயே பதிவு செய்யாவிட்டால் பேக்கேஜ் கிடைக்கவில்லை என்ற பிழைதான் மிஞ்சும். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுவே.

என் தேர்வைத் தீர்மானிப்பது, மாற்றியதைச் சேமிக்கும் கட்டம். அறியாத உறுப்பை ஜாக்ஸ்பி இயல்பாகவே ஓசையின்றி விட்டுவிடும். திரும்ப எழுதும்போது அது கோப்பிலிருந்தே போய்விடும். இஎம்எஃப் அதே இடத்தில் பிழை எழுப்பும். அறியாததைப் பதிவுசெய்யும் விருப்பத்தை இயக்கினால் அதைக் காத்து மீண்டும் எழுதும். ஆகவே வெப்ஸ்பியர் கோப்பைத் திருத்திச் சேமிப்பவர் இஎம்எஃப்பையே எடுக்கலாம், குறிப்புரைகள் இதிலும் பொதுவாகத் தங்குவதில்லை என்பதால் மூலக் கோப்பின் நகலை முன்பே எடுத்து வைத்துக்கொண்டு.