குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தண்ணீரைச் சோதிப்பது?

கோவையின் வெள்ளலூர் குப்பைக் கிடங்கைச் சுற்றி இருப்பவர்களானாலும், சிறு நகராட்சியின் குப்பைமேட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களானாலும், கேட்பது ஒரே கேள்விதான்: கையில் இருக்கிற பணத்துக்கு எதைச் சோதிப்பது? போர்த் தண்ணீரையா, கிணற்றுத் தண்ணீரையா, மண்ணையா?

பெரும்பாலோர் போர்த் தண்ணீரைத்தான் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குடிப்பது அதுதான் என்றால் சோதித்தே ஆகவேண்டும். ஆனால் குப்பையிலிருந்து கறுப்பாக வடியும் கசிவுநீர் நிலத்தில் இறங்குகிறதா என்று அறிய, அது தாமதமாக வரும் சாட்சி. கொங்கு நாட்டில் மேலே செம்மண்ணோ கரிசலோ, அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. 800 அடிப் போரில் மேலடுக்கைக் குழாய் போட்டு அடைத்திருப்பார்கள். தண்ணீர் ஆழத்துப் பாறை வெடிப்புகளிலிருந்து வருகிறது. அந்த வெடிப்பு குப்பைமேட்டோடு தொடர்புடையதா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. தொடர்பு இருந்தால் தொலைவில் உள்ள போரும் கெடும். இல்லையென்றால் வேலியோரத்துப் போர்கூட நல்ல நீர் தரும். அந்த நல்ல அறிக்கையை வைத்து நிலமே சுத்தம் என்று சொல்வதுதான் ஆபத்து.

திறந்த கிணறு அப்படியல்ல. அதன் ஊற்று சிதைந்த பாறையில் இருக்கிறது. கசிவுநீர் முதலில் வந்து சேருவதும் அங்கேதான். புழங்காத கிணற்றின் மேல்நீரை வாளியில் மொண்டு கொடுத்தால் பயனில்லை. மோட்டார் போட்டுத் தேங்கிய நீரை இறைத்துவிட்டு, புதிதாக ஊறுவதைப் பிடிக்கவேண்டும்.

அப்படிப் பிடித்த ஒரு பாட்டிலை நான் மறக்கமாட்டேன். கிணற்று மேட்டில் நின்று பார்த்தபோது கண்ணாடிபோல் இருந்தது. வீட்டில் காப்பி குடித்து முடிப்பதற்குள் மஞ்சளாகி, ஆய்வகம் போய்ச் சேரும்போது அடியில் துரு படிந்திருந்தது. காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் படிந்துவிட்டது. தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் இரும்பு குறைவாகத்தான் வரும். உலோகம் பார்க்கும் பாட்டிலில் பிடித்தவுடனே நைட்ரிக் அமிலம் விட்டுத் தரச் சொல்லுங்கள். அமோனியா பார்க்கும் பாட்டில் தனி; அதைப் பனிக்கட்டியில் வைத்து உடனே கொண்டுபோகவேண்டும்.

டிடிஎஸ் மீட்டர், ஆய்வக அறிக்கை இரண்டில் எது? மீட்டர் மொத்த உப்பை மட்டும் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 2000 வரை அனுமதி. இயல்பாகவே கடினமான நீர் உள்ள நம் பகுதியில் ஒருநாள் அளவு எதையும் நிரூபிக்காது. மாதந்தோறும் ஒரே கிணற்றில் அளந்து நோட்டில் எழுதினால், எண் ஏறுவது தெரியும். நாற்பது வகைச் சோதனையை ஒருமுறை செய்வதைவிட, குளோரைடு, அமோனியா, நைட்ரேட், இரும்பு ஆகியவற்றை மட்டும் மூன்று பருவத்தில் செய்வது மேல் என்பேன். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவம் பிரித்தே நிலத்தடி நீரைக் கண்காணிக்கச் சொல்லியிருந்தன.

திருப்பூர்ப் பக்கம் இன்னொரு சிக்கல். குளோரைடு கூடினால் அது குப்பையா, நொய்யலில் கலந்த சாயக்கழிவா? உப்பை மட்டும் பார்த்தால் பிரிக்க முடியாது. அமோனியாவும் சேர்ந்து ஏறினால் குப்பைமேட்டின் மீது சந்தேகம் வலுக்கும். அப்போதும் அருகில் கழிப்பறைத் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புதிதாகக் கண்காணிப்புக் குழாய்க்கிணறு போடும் வசதி ஊராட்சிக்கு இருந்தால், அதற்கு முன் நிலத்தின் மின்தடையை அளக்கும் ஆய்வு செய்வது நல்லது. தரையில் கம்பிகளை அடித்து மின்சாரம் செலுத்தி, உப்புநீர் பரவிய இடத்தைத் தடை குறைவதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். ஈரக் கரிசலும் அதே குறைந்த அளவைக் காட்டி ஏமாற்றும். செம்மண் நிலத்தில்தான் இதை நம்பலாம்.

மண் சோதனை கீரை, காய்கறி போடுகிறவர்களுக்கு முக்கியம். குளோரைடு நீரோடு ஓடிவிடும்; ஈயம், காட்மியம் போன்றவை பெரும்பாலும் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு தங்கிவிடும். தண்ணீர் அறிக்கை நன்றாக இருக்கும்போதே மண்ணில் உலோகம் சேர்ந்திருக்கலாம்.

இவை எதுவானாலும் குப்பைமேட்டுக்கு மேல்புறத்தில், நிலத்தடி நீர் குப்பைமேட்டை நோக்கி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கே, ஒரு கிணறு வேண்டும். அது இல்லாமல் ஒப்பிட எதுவுமில்லை. அப்படி ஒரு கிணறு கேட்டு நாங்கள் போன மேற்குத் தோட்டத்துப் பெரியவர், தன் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குச் சோதனை என்றார். அதனால்தான் ஐயா உங்கள் கிணறு வேண்டும் என்றோம். சற்று யோசித்துவிட்டு மோட்டார் அறைச் சாவியை எடுத்து வந்தார்.