ஹட்டன் பக்கம் வீட்டுத் தரகர் ஒருவரின் சேவை: வாடகைக் கணக்கில் கெட்டிக்காரர், மண்ணையும் காணி உறுதிப் பத்திரத்தையும் நீங்களே பாருங்கள்

தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றதும் வந்த ஈ.பி.எப். காசில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று வீட்டில் முடிவானது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்தத் தரகரைப் பிடித்தோம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டுக்கு யார் வாடகைக்கு வருவார்கள் என்பது அவருக்கு அத்துபடி. டிக்கோயா ஆஸ்பத்திரி தாதிமார் நடந்து போகும் தூரம் பார்ப்பார்கள், வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் வங்கிக்காரர்களுக்கு வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று பிசகாமல் சொல்வார். மஸ்கெலியாப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் சொன்ன வருமானம் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வருமானம், டிசம்பர் தொடங்கி மே வரைதான், மீதி மாதங்கள் பூட்டுத்தான் என்று அவரே காதோடு சொன்னார். அந்த நேர்மைக்கு முழு மார்க்.

ஆனால் மழையில் வீடு காட்ட அவருக்குப் பிடிக்காது. ஜூன் மழையில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன். டிக்கோயாவில் அழகான வீடு, தரையெல்லாம் டைல்ஸ். பின்பக்கம் போனால் மலையைச் செங்குத்தாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள், இரண்டு ஆள் உயரம் இருக்கும். தடுப்புச் சுவர் இல்லை, மேலே தண்ணீரைத் திருப்பிவிட ஒரு கான்கூட இல்லை. வெட்டிய மண்ணிலிருந்து தண்ணீர் கசிகிறது. மேலே யூகலிப்டஸ் மரங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன. சமையலறைச் சுவரில் குறுக்காக ஓடிய வெடிப்பைப் புதிதாகப் பூசியிருந்தார்கள். "ஐயா, அது சின்ன வேலை, பெயின்ட் அடிச்சா சரி" என்றார் தரகர். மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களோடு ஆட்கள் மண்சரிவில் புதைந்ததையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டியதையும் பார்த்த பிறகு இதை எப்படிச் சின்ன வேலை என்பது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். சொந்தக்காரர் பேச்சை மாற்றினார். விலையைக் குறைத்தாலும் வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். வாடகைக்கு வருகிறவனும் பிள்ளைகுட்டியோடுதானே படுப்பான்.

அடுத்தது கொட்டகலைக்குக் கிட்ட, மலிவோ மலிவு. உறுதியைக் காட்டச் சொன்னால் ஒரு கடிதம் வருகிறது. தோட்டக் காணி! 1992இல் கம்பனிகளுக்குப் போனது நிர்வாகம்தான், மண் அரசாங்கத்தினுடையது. அதைக் கடிதத்தில் யார் யாருக்கு விற்பது? அரசாங்கம் ஆட்களுக்குக் கொடுத்த ஜயபூமி, ஸ்வர்ணபூமி காணி அளிப்புகளும் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாறாது. இதையெல்லாம் தரகர் சொல்ல மாட்டார். காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவைத் தேடிப் பார்க்க உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) வேண்டும், அவர் கூட்டி வருகிறவர் வேண்டாம்.

டவுனுக்குள் ஒரு பழைய வீடும் காட்டினார். உள்ளே ஒரு குடும்பம் பல வருடமாக, சொற்ப வாடகையில். "ஆள் ரெடியா இருக்கு ஐயா, முதல் மாசமே வாடகை" என்று அதையே லாபமாகச் சொன்னார். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அந்தக் காலத்துக் கட்டடங்களில் இருப்பவர்களுக்குப் பலமான பாதுகாப்பு. சொந்தக்காரர் மாறினார் என்பதற்காக அவர்கள் எழும்ப வேண்டியதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அந்த விலைக்கு அந்த வாடகை கட்டாது.

கடைசியில் வாங்கியது ஒரு சுமாரான வீடு. கூரைத் தகரம் துரு, உள்ளே ஈரவாடை, தண்ணீர் ஒரு நேரம்தான் வரும். இவையெல்லாம் காசால் தீரும், அதனால் விலையில் கழித்துப் பேசினோம். பேரம் பேசுவதில் தரகர் புலி, அதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகும் பாதை நில அளவைப் பிளானிலும் உறுதியிலும் இருக்கிறது. அது மட்டும் இல்லாவிட்டால் இந்த வீட்டையும் விட்டிருப்பேன். முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். தரகர் அதை மொத்தச் செலவில் சேர்த்துச் சொல்லவில்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிஷனில் பாதியை முற்பணமாகக் கேட்பார். நாங்கள் உறுதி எழுதிய அன்றுதான் கொடுத்தோம், முகம் கொஞ்சம் சுருங்கியது, வாங்கிக்கொண்டார். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.