மஸ்டாங் ஜிடி-க்கு சூப்பர்சார்ஜர் கிட்: பாண்டி வெயிலுக்கும் பங்க் பெட்ரோலுக்கும் தாங்குமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சூப்பர்சார்ஜர் கிட், அதாவது இன்ஜின் பெல்ட்டில் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி, நல்ல சரக்கு. ஆனால் பெட்டியில் வரும் புல்லியையும் (காற்றழுத்தத்தைத் தீர்மானிக்கும் பெல்ட் சக்கரம்) டியூனையும் (எரிபொருள், தீப்பொறி நேரத்துக்கான மென்பொருள்) அப்படியே மாட்டிக்கொண்டு பாண்டிச்சேரி, கடலூர் பக்கம் ஓட்டினால் இன்ஜின் அதிக நாள் நிற்காது.

பேசுவது 2016-இல் இந்தியாவுக்கு வந்த மஸ்டாங் ஜிடி-யைப் பற்றி. 5.0 லிட்டர் வி8, 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், இங்கே விற்றது 401 பிஎஸ் கணக்கில். இதற்கான முழு கிட் அமெரிக்காவிலேயே 7,000 டாலருக்கு மேல். கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் அதன் தலையில்தான் ஏறும். அந்தப் பணத்தைக் கொடுத்த பிறகும் வாங்க வேண்டிய சாமான்கள் இருக்கின்றன என்பதை கிட் விற்பவர்கள் சொல்வதில்லை.

முதலில் ஏமாறும் இடம் ஆக்டேன் எண், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிக்காமல் (நாக்கிங்) தாங்கும் அளவு. கிட்டோடு வரும் டியூனில் "93 ஆக்டேன்" என்று போட்டிருக்கும். நம் பங்கில் 95 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இரண்டு புள்ளி கூடுதல்தானே என்று நிம்மதியாக நிரப்பிவிடுவார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. அமெரிக்க பங்கில் எழுதுவது ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு சோதனை எண்களின் சராசரி. இந்தியாவில் எழுதுவது ஆர்ஓஎன் மட்டும். அவர்களுடைய 93, நம் கணக்கில் ஏறக்குறைய 98. அதாவது 95 பெட்ரோல் மூன்று புள்ளி குறைவு. சாதாரண காரில் இதைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம். 11:1 கம்ப்ரஷன் உள்ள இன்ஜினுக்குள் 8 பிஎஸ்ஐ கூடுதல் காற்றழுத்தத்தைத் (பூஸ்ட்) திணிக்கும்போது இந்த மூன்று புள்ளிதான் பிஸ்டனைக் காப்பாற்றும் இடைவெளி. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 கிடைத்தால் கவலை இல்லை, ஆனால் அது எல்லா பங்கிலும் கிடைக்காது. சென்னையில் நிரப்பிக்கொண்டு வந்து, திரும்பும்போது கிடைத்ததைப் போட்டு ஓட்டுவதாக இருந்தால், டியூன் அந்தக் "கிடைத்ததற்கு"த்தான் எழுதப்பட வேண்டும்.

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இதில் பாதி நண்பன், பாதி எதிரி. எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கும், அது நல்லது. ஆனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் கேட்கும். சுத்த பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 14.7 என்றால், 10 சதவீத எத்தனாலுக்கு 14.1, 20 சதவீதத்துக்கு சுமார் 13.5. கிட்டின் டியூன் பெரும்பாலும் 10 சதவீதத்தை மனத்தில் வைத்து எழுதியது. ஆக, இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் இன்னும் 4, 5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சென்சார் திருத்திக்கொள்ளும் என்பார்கள். இன்ஜெக்டர் ஏற்கனவே முழுக்கத் திறந்து கிடந்தால் சென்சார் எதைத் திருத்தும்? டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் மேடை) உச்ச ஆர்பிஎம்-மில் இன்ஜெக்டர் டியூட்டி (அது திறந்திருக்கும் நேரப் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டினால், பெரிய இன்ஜெக்டர் வாங்காமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

அடுத்தது சூடு. மே மாதத்து 40 டிகிரி காற்றை 8 பிஎஸ்ஐ-க்கு அழுத்தினால், கம்ப்ரஸர் 65 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்தாலும், வெளியே வருவது 104 டிகிரி. 6 பிஎஸ்ஐ-க்கு சுமார் 90. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இதைக் குறைக்கும், வண்டி ஓடும்போது. ராஜீவ் காந்தி சதுக்க சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், இன்டர்கூலரின் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மூன்றும் ஒரே மூச்சுக் காற்றுக்குப் போட்டி போடும். இன்ஜினுக்கு மேலேயே உட்காரும் ஈட்டன் கம்பெனியின் டிவிஎஸ் ரோட்டர் வகையும், விப்பிள் போன்ற ட்வின் ஸ்க்ரூவும் இதில் அதிகம் சூடேறும். பச்சை விழுந்ததும் மிதித்தால் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், போட்ட பணத்துக்கான சக்தி வராது. ப்ரோசார்ஜர், வோர்டெக் போன்ற சென்ட்ரிஃபியூகல் வகை இன்ஜினின் முன்பக்கத்தில் தொங்கும், பூஸ்ட் ஆர்பிஎம்-மோடு மெதுவாக ஏறும். காலை வைத்ததும் இழுக்கும் சுகம் இதில் இல்லை. ஆனால் முன் பம்பருக்குப் பின்னால் காற்று இன்டர்கூலர் உள்ள சென்ட்ரிஃபியூகல்தான் இந்த ஊருக்கு என் தேர்வு. தாழ்ந்த ஆர்பிஎம்-மில் கனெக்டிங் ராடு மேல் விழும் அடியும் இதில் குறைவு. எந்த வகை ஆனாலும் 6 பிஎஸ்ஐ தரும் பெரிய புல்லியைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டுவதற்கு முன், சிலிண்டருக்குள் காற்றடித்துக் கசிவை அளக்கும் லீக்-டவுன் டெஸ்ட். எட்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தனியாகக் கசிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். இன்டேக் மேனிஃபோல்டை (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) கழற்றிய நிமிடமே எட்டு போர்ட்டையும் டேப் போட்டு மூட வேண்டும். உள்ளே விழும் ஒரு வாஷர் போதும், ஹெட்டைக் கழற்ற வைக்க. ஸ்பார்க் பிளக் ஒரு படி கூலர் ரகம், கேப் 0.7 முதல் 0.8 மி.மீ. கம்பெனி கேப் 1.3 மி.மீ. பக்கம் இருக்கும், அதை அப்படியே விட்டால் பூஸ்டில் தீப்பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆகும். இன்ஜினின் ஆயில் ஆவி திரும்ப உள்ளே போகும் பிசிவி வழியில், அதைப் பிடித்து வைக்கும் ஆயில் கேட்ச் கேன் கட்டாயம். ஆயில் ஆவி உள்ளே போனால் ஆக்டேன் இன்னும் இறங்கும்.

கிட்டில் வராத, ஆனால் வந்திருக்க வேண்டிய சாமான் ஆயில் பம்ப் கியர். இந்த வி8-இல் அது பவுடர் மெட்டலில் அழுத்திச் செய்தது. பூஸ்டோடு ரெவ் லிமிட்டரில் அடிக்கும்போது கிராங்கில் வரும் அதிர்வில் உடைந்துவிடும். ஆயில் பிரஷர் பூஜ்யம், சில நொடியில் பேரிங் போச்சு. ஒரே கட்டியில் கடைந்த பில்லெட் ஸ்டீல் கியரும் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து மாற்றுவதுதான் வழி. இதற்கு டைமிங் கவரைக் கழற்ற வேண்டும். கிட் மாட்ட அந்தக் கவரைத் தொடவே தேவையில்லை என்பதால் பட்டறையில் "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்பார்கள். அப்புறம் என்பது உடைந்த இன்ஜினைக் கழற்றி இறக்கும்போதுதான்.

டியூனில் ஒரு சிக்கல். கையடக்க டியூனர் முதலில் வண்டியின் ஒரிஜினல் ஃபைலை எடுத்து வைத்துக்கொள்ளும். இந்திய வண்டியின் ஈசியு ஸ்ட்ராட்டஜி கோடு (அதன் மென்பொருளின் அடையாள எண்) அமெரிக்க வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று கிட் வாங்கும் முன்பே எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள். ஃப்ளாஷ் செய்யும்போது பேட்டரிக்கு சார்ஜர் போட்டு வைக்க வேண்டும். நடுவில் வோல்டேஜ் இறங்கினால் ஈசியு செத்த பெட்டி. பிறகு டைனோவில் முழு லோடில் லாம்டா (சரியான காற்று-எரிபொருள் விகிதத்தை 1 என்று வைத்த அளவு) 0.80 பக்கம் நிற்கிறதா, நாக் சென்சார் எவ்வளவு டைமிங்கை இழுக்கிறது என்று லாக் எடுத்துப் பார்க்க வேண்டும். அதோடு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் வெள்ளி நிறத்தில் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதற்கு மேல் ஒரு ரன்கூட வேண்டாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சி-யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புதுச்சேரி பதிவான PY-01 என்றாலும் இதே சட்டம்தான். அபராதத்தைவிட இன்ஷூரன்ஸ்தான் பயம். சொல்லாமல் மாட்டியதை சர்வேயர் கண்டுபிடித்தால் க்ளெய்மை மறுத்துவிடலாம். சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு டிரெய்லரில் கொண்டுபோய் ஓட்டுபவருக்கு இந்தத் தலைவலி குறைவு.

மாட்டிய பிறகு பராமரிப்பு. உப்புக்காற்றில் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து உதிரும். நல்ல தண்ணீரை மெல்லிய வேகத்தில் பின்பக்கத்திலிருந்து அடித்துக் கழுவ வேண்டும், பிரஷர் வாஷர் தகட்டை மடக்கிவிடும். ப்ரோசார்ஜரின் தனி ஆயிலை முதல் 800 கிலோமீட்டரிலும், பிறகு சுமார் 10,000-க்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். பெல்ட்டைச் சுற்றி கருப்புத் தூள் தெரிந்தாலோ, உச்ச ஆர்பிஎம்-மில் பூஸ்ட் முள் இறங்கினாலோ பெல்ட் வழுக்குகிறது.

செகண்ட் ஹேண்ட் கிட் வந்தால் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருக்கக் கூடாது. ரோட்டர் ஓரத்தில் கோட்டிங் உரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். டியூனர் பழைய வண்டியின் விஐஎன் எண்ணோடு (வண்டியின் அடையாள எண்) பூட்டியிருக்கும். பழைய ஓனர் தன் வண்டியை ஒரிஜினல் ஃபைலுக்குத் திருப்பி, டியூனரைத் திறந்து கொடுத்த பிறகு காசைக் கொடுங்கள்.