இருபது வருடமாக ஒரே பழைய ரயிலில்

நான் தினமும் வேலைக்குப் போகும் புறநகர் ரயிலுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இருபது வருடமாக இரண்டாவது பெட்டி, மூன்றாவது கதவு. அந்தக் கதவு மூடும்போது கடைசி நாலு விரற்கடையில் அப்படியே நின்றுவிடும். பக்கத்தில் நிற்பவர் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எல்லாக் கதவும் மூடிவிட்டதாகச் சிக்னல் போகாவிட்டால் வண்டி நகராது. தட்டும் வேலை பல வருடமாக என்னுடையதுதான். சம்பளம் கிடையாது.

கிளம்பும்போது நிற்கிறவர்கள் எல்லோரும் நாலைந்து முறை பின்னுக்குச் சாய்ந்து நிமிர்வோம். பழைய டிசி மோட்டாரின் குணம் அது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வரிசையாக ரெசிஸ்டர்கள் தடுத்து நிற்கும். வேகம் கூடக் கூட ஒவ்வொன்றாக விலகும். ஒவ்வொரு குலுக்கலும் ஒரு படி. தடுத்த மின்சாரம் முழுக்க வண்டிக்கு அடியில் வெறும் சூடாகப் போகிறது. இப்போது வரும் ரயில்களில் மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் த்ரீ பேஸ் ஏசி மோட்டார், குலுக்கல் இல்லை. பிரேக் போடும்போது அதே மோட்டார் மின்சாரம் தயாரித்து லைனுக்கே திருப்பித் தரும், பக்கத்தில் கிளம்பும் வண்டி அதை எடுத்துக்கொள்ளும்.

பன்னிரண்டு வருடம் முன்பு எங்கள் வண்டியைப் புதுப்பித்தார்கள். புது சீட், புதுத் தரை, புது பெயிண்ட். அடியில் கை வைக்கவில்லை. அடுத்த மழைக்கே இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஐம்பது நிமிஷம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வந்த டெக்னீஷியன் ஒரு பெட்டியைத் திறந்து கருகிப்போன காண்டாக்டரை, அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சைக் காட்டினார். "இதைச் செய்த கம்பெனியே இப்போ இல்ல சார். ஒதுக்கின வண்டியிலிருந்துதான் கழட்டி மாட்டணும்" என்றார். எங்கள் ரயிலின் ஆயுளை நான் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். 1972-இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோவின் பார்ட் (BART) என்ற நகர ரயிலுக்கே ஒரு கட்டத்தில் உதிரி பாகங்களை ஈபே என்ற இணையச் சந்தையில் தேடினார்கள்.

ரயிலின் உடம்பு அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. இங்கிலாந்தின் வைட் தீவில் 1938-ஆம் வருட வடிவமைப்பு ரயில்கள் 2021 ஜனவரி வரை ஓடின. அதே வருடம் நவம்பரில் அவற்றுக்குப் பதிலாக வந்தவையும் லண்டனில் 1980 வாக்கில் ஓடத் தொடங்கிய பழைய வண்டிகள்தான். அலுமினிய உடல் அப்படியே இருக்க, மோட்டாரும் மின்னணுக் கருவிகளும் புதிது. சின்ன லைனுக்கு இது எனக்குச் சரியான யோசனையாகப் படுகிறது. ஏழெட்டு வண்டிக்காகத் தனி அளவில் டிசைன் செய்ய எந்தத் தொழிற்சாலையும் ஆசைப்படாது.

புதிது வந்த அன்றே பழையதை உடைக்கவும் கூடாது. நியூயார்க்கில் 2020-இல் புது ஆர்179 ரயில் ஒன்று ஓட்டத்திலேயே இரண்டாகக் கழன்றது. அந்த வகை வண்டிகளை நிறுத்திவிட்டு, ஓரங்கட்டியிருந்த ஆர்32 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 1964-இல் வந்தவை. 2022 ஜனவரி வரை ஓடிவிட்டுத்தான் போயின.

பக்கத்து லைனில் புது ரயில் ஓடுகிறது, நாலைந்து முறை போயிருக்கிறேன். ஏசி, சத்தமில்லை, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு உள்ளேயே நடக்கலாம். உட்கார இடம்தான் குறைவு. முழங்கால் வலிக்காரன் சொல்கிறேன், அது சின்ன விஷயமில்லை.

எங்கள் லைனுக்கும் புதுசு வருகிறது என்று மூன்று முறை அறிவித்தாகிவிட்டது. கலர் தேர்வுக்கு ஓட்டுக்கூடப் போடச் சொன்னார்கள், நீலத்துக்குப் போட்டேன். அது நடந்து ஐந்து வருடம். வரப்போகும் வண்டியில் ஏசி கருவியெல்லாம் கூரை மேல். அதில் வேலை பார்க்கப் பணிமனையில் உயரமான மேடை வேண்டும், கூடுதல் மின்சாரம் வேண்டும். பணிமனை எங்கள் லைன் ஓரமாகத்தான் இருக்கிறது. தினமும் கதவோரம் நின்று பார்க்கிறேன். இன்றைக்குக் காலை வரை ஒரு குழிகூடத் தோண்டவில்லை.