பாப்பாவோட ஆற்காட்டுல 5 வாரம்: எங்களுக்கு என்ன கிடைச்சுது, என்ன கிடைக்கல

எங்க பாப்பாக்கு 6 வயசு முடிஞ்சிருக்கு. அவளுக்கு இருக்கறது எம்எல்டி, முழுப் பேரு மெட்டாக்ரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரோஃபி. உடம்புல ஒரு என்சைம் சரியா வேலை செய்யாததால ஒரு வகை கொழுப்பு மூளையிலயும் நரம்புலயும் சேந்துக்கிட்டே போயி நரம்பைச் சுத்தி இருக்கற உறை அழிஞ்சிடுது. 14 மாசத்துல நடந்தவ, ரெண்டு வயசுல தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பிச்சா, அப்புறம் நடை, உக்கார்றது, பேச்சு, விழுங்கறதுன்னு ஒண்ணொண்ணா போயிடுச்சு. இதுக்கு ஜீன் தெரபி இருக்கு, இங்கிலாந்துல 2022-லேந்து அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்லயே ஒத்துக்கிட்டாங்க, ஆனா இவளுக்கு வந்த வகைக்கு அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே குடுத்தாகணும். எங்களுக்கு நோய் பேரே அறிகுறி வந்து ஒரு வருஷம் கழிச்சு தான் தெரிஞ்சுது.

அதனால நாங்க வைத்தியம் பாக்க ஊருக்குப் போகல. இங்கிலாந்துல நாங்க இருக்கற லெஸ்டர்லேந்து கிளம்பினது ஒரே காரணத்துக்கு, என் அம்மா நாலு வருஷமா பேத்திய போன்ல மட்டும் தான் பாத்துட்டு இருந்தாங்க. டிசம்பர் கடைசில போயி பொங்கல் முடிஞ்சு திரும்பினோம். வெயில் காலத்துல போகவே போகாதீங்க, இந்தப் பிள்ளைங்களுக்கு உடம்பு சூட்ட தானா சமாளிக்கற சக்தி குறைஞ்சிடும், வேலூர் மே மாசம் நமக்கே தாங்காது.

முதல் அடி ஏர்போர்ட்லயே. பாப்பாவோட வீல்சேர் ஒடம்புக்கு அளவெடுத்து செஞ்சது, தலைக்கு சப்போர்ட், இடுப்புக்கு பெல்ட்டு எல்லாம் இருக்கும். விமானத்துலேந்து இறக்கினப்போ கால் வெக்கற பலகை தனியா தொங்குது. கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்தோம், நம்பர் குடுத்தாங்க, அதோட சரி. கால் தொங்கினா அவளுக்கு தொடையெல்லாம் இறுகிப் போயி வலி வந்துடும், அதனால ஆற்காடு வர்ற வரைக்கும் கார்ல நான் என் மடியில அவ கால வெச்சுப் புடிச்சுக்கிட்டே வந்தேன். மறுநாள் காலைல என் தம்பி சேர தூக்கிட்டு வாலாஜாபேட்டைல ஒரு வெல்டிங் கடைக்குப் போனான். அந்த அண்ணன் மொதல்ல அலுமினியம் ஒட்டாதுன்னு சொன்னாராம், அப்புறம் பாப்பா போட்டோவ கேட்டு வாங்கிப் பாத்துட்டு, உடைஞ்ச எடத்துல ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வெச்சு நட்டு போல்ட் போட்டு, கொழந்த கால் படற எடம்னு பட்டையோட ஓரத்தையெல்லாம் அரத்தால ராவி, அது மேல சைக்கிள் டியூப வெட்டிச் சுத்திக் குடுத்திருக்காரு. 250 ரூபா. அந்தப் பட்டை இன்னைக்கும் அப்படியே தான் இருக்கு, இங்க வீல்சேர் சர்வீஸ்ல வந்து பாத்தவங்க கூட இத மாத்தத் தேவையில்லன்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்த எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "எப்போ சரியாவும்?" பாசத்துல தான் கேக்கறாங்க, எனக்குத் தெரியும். பெரியம்மா ஒருத்தங்க "நேத்திக்கடன் ஏதாவது பாக்கி வெச்சியாம்மா"ன்னு கேட்டாங்க. அம்மா அன்னைக்கு சாயங்காலம் திண்ணைல உக்காந்து வர்றவங்க கிட்டல்லாம் தானே சொல்லிட்டாங்க, "சரியாவாது. அதுக்காவ கொழந்தைய பாக்காம பூடுவியா, வந்து பக்கத்துல குந்து, பேர் சொல்லிக் கூப்டு, அவளுக்குக் காது கேக்கும்." அதுக்கப்புறம் யாரும் கேக்கல.

சர்வீஸ்னு பாத்தா நான் முதல்ல சொல்ல வேண்டியது ஒரு பிசியோதெரபி பொண்ணப் பத்தி. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி 11 வயசுப் பையன் ஒருத்தன், எஸ்எஸ்பிஇன்னு ஒரு மூளை நோய். கைக்குழந்தையா இருந்தப்போ தட்டம்மை வந்துச்சாம், தடுப்பூசி போடற வயசு கூட வரல, அப்புறம் எட்டு வயசு வரைக்கும் நல்லா ஓடி ஆடிட்டு இருந்தவன் திடீர்னு பாடம் மறக்க ஆரம்பிச்சு, கை காலு வெட்டி வெட்டி இழுத்து, இப்போ படுக்கைல. தட்டம்மை வைரஸ் மூளைக்குள்ள பல வருஷம் பதுங்கி இருந்து செய்யற வேலை இது. (தடுப்பூசிய தள்ளிப் போடற அம்மாங்க யாராவது இதப் படிச்சா, இந்தியாவுல 9 மாசம் முடிஞ்ச உடனே ஒண்ணு, ஒன்றரை வயசு வாக்குல ரெண்டாவது, ரெண்டையும் கட்டாயம் போட்டுடுங்க. ஊர்ல எல்லாருக்கும் போட்டிருந்தா தான் போடற வயசு வராத குழந்தைக்கும் அது ஒட்டாது.) அந்தப் பையனுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வர்றாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கு வர்றது மட்டும் தான் எனக்குத் தெரியும், படுக்கைல இருக்கறவங்களுக்கு வலி குறைக்கற பராமரிப்பும் பிசியோவும் அதுலயே சேத்தின்னு அங்க போயி தான் தெரிஞ்சுது.

அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கும் எட்டிப் பாத்தாங்க. உள்ள வந்தவங்க முதல்ல ரிப்போர்ட் கேக்கல. பாப்பா பக்கத்துல தரையில உக்காந்து, "நேத்து ராத்திரி பாப்பா நல்லா தூங்கினாங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. நாலு வருஷமா எத்தனையோ பேர் "முன்னேற்றம் எப்படி"ன்னு தான் கேட்டிருக்காங்க. அப்புறம் அம்மாவ கூப்பிட்டு, பாப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, இடுப்புக்கு அடியில தலையணைய குடுத்து தலை கொஞ்சம் கீழ வர்ற மாதிரி செஞ்சு, நெஞ்சு சளி இளகி வர உள்ளங்கையக் குழியாக்கி முதுகுல தட்டிக் காமிச்சாங்க. சப்பையா தட்டினா வலிக்கும், குழிச்சுத் தட்டினா டொப்பு டொப்புன்னு சத்தம் வரணும், அந்தச் சத்தம் தான் கணக்கு. டியூப்ல சாப்பாடு ஏத்தி ரெண்டு மணி நேரத்துக்குள்ள செய்யக் கூடாது. அம்மா கை ரெண்டே நாள்ல படிஞ்சுடுச்சு. அடை தட்டற கை இல்லையா. அஞ்சு வாரத்துல பாப்பாக்கு ஒரு தடவ கூட நெஞ்சுல சளி கட்டி ஆண்டிபயாடிக் வரைக்கும் போகல, போன வருஷம் இங்க அதே மாசத்துல ரெண்டு தடவ அட்மிட் ஆனா.

மோசமான ராத்திரி ஒண்ணு. பாப்பாக்கு வயித்துல ஓட்டை வழியா தான் சாப்பாடு, அதுல பட்டன்னு ஒண்ணு இருக்கும், உள்ள ஒரு சின்ன பலூன் தண்ணியோட புடிச்சுக்கிட்டு இருக்கும். ஜனவரி முதல் வாரம், மணி பதினொண்ணு இருக்கும், துணி மாத்தும்போது பட்டன் கையோட வந்துடுச்சு, பலூன் கிழிஞ்சிருந்துச்சு. ஸ்பேர் ஒண்ணு கொண்டு வந்திருந்தேன், ஆனா அது சென்னைல அத்தை வீட்டுல வெச்ச பெட்டில மாட்டிக்கிச்சு, அது என் தப்பு. கிட்டக்க இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டில இருந்த டாக்டர் தம்பி பட்டன கையில திருப்பித் திருப்பிப் பாக்கறாரு, இந்த மாதிரி பாத்ததில்லன்னு தெரியுது, காலைல சர்ஜன் வரட்டும், அது வரைக்கும் கட்டுப் போட்டு மூடிடலாம்னாரு. அந்த ஓட்டை சில மணி நேரத்துலயே சுருங்கிடும், மூடிட்டா திரும்ப ஆபரேஷன் தான். நான் கத்தல, ஆனா நகரவும் இல்ல. என் தம்பி வெளிய மெடிக்கல்ல போயி அதே சைஸ் ஃபோலி கேத்தீட்டர், அதாங்க ஒண்ணுக்குப் போறதுக்குப் போடற டியூப், 14 நம்பர், வாங்கிட்டு வந்தான். சுத்தம் பண்ணி, ஜெல் தடவி, எனக்கு இங்க நர்ஸ் சொல்லிக் குடுத்த மாதிரியே உள்ள விட்டு, பலூன்ல தண்ணி ஏத்தி, பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். அந்த டியூட்டி தம்பி பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சாரு, வயித்துல இருக்கறத கொஞ்சம் இழுத்து உள்ள தான் இருக்குதான்னு அவரும் பாத்து உறுதி பண்ணாரு, அது வரைக்கும் சாப்பாடு ஏத்தல. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல, அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

ஸோ, பட்டன் வெச்ச பிள்ளையோட வர்றவங்க ரெண்டு ஸ்பேர் பட்டன் கைப்பையிலயே வைங்க. நான் விசாரிச்ச ஒரு கடைலயும் பட்டன் ஸ்டாக் இல்ல. மத்த சாமான் எல்லாம் வேலூர் ஐடா ஸ்கடர் ரோடு பக்கம் மெடிக்கல் கடைகள்ல கிடைச்சுது, சளி உறிஞ்சற சக்‌ஷன் கேத்தீட்டர், 60 மில்லி சிரிஞ்சு, வாட்டர் பெட், நெபுலைசர் மாஸ்க். அங்க ஒரு கடைல கால்ல மிதிச்சு ஓட்டற சக்‌ஷன் மெஷின் பாத்தேன், கரண்டு வேண்டாம், இங்கிலாந்துல நான் கேள்விப்பட்டதே இல்ல, ரெண்டு வாங்கினேன்.

மருந்து விஷயம். வலிப்புக்கு அவசரத்துக்கு இங்க கன்னத்துக்குள்ள விடற மிடாஸோலம் குடுக்கறாங்க, அங்க மூக்குல அடிக்கற ஸ்பிரேயா தான் பெரும்பாலும் கிடைக்குது. ஒரு ஸ்பிரேக்கு எத்தன மில்லிகிராம்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால டாக்டர் கிட்ட எத்தன ஸ்பிரேன்னு எழுதி வாங்கி பாட்டில் மேலயே ஒட்டிடுங்க. தசை இறுக்கத்துக்குக் குடுக்கற பேக்லோஃபென் ஒரு நாள் கூட விடக் கூடாது, திடீர்னு நிறுத்தினா ஆபத்து, போற நாளுக்கு மேல ரெண்டு வாரத்துக்குக் கூட எடுத்துட்டுப் போங்க.

சிஎம்சி, அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பத்தி எல்லாரும் கேப்பீங்க. 2022-ல ராணிப்பேட்டை வளாகம் வந்துடுச்சு, பழைய ஞாபகத்துல நேரா டவுனுக்குப் போயிடாதீங்க, அப்பாயின்ட்மெண்ட் சீட்டுல எந்த வளாகம்னு பாத்துட்டுக் கிளம்புங்க. நாங்க போனது பாப்பாக்காக இல்ல, என் தம்பிக்காக. நானும் என் வீட்டுக்காரரும் மாமா பையன், அத்தை பொண்ணு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டி, அவங்க கிட்டேந்து அந்தப் பழுதான ஜீன் ஆளுக்கு ஒண்ணு எங்களுக்கு வந்திருக்கு, எங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா ரெண்டும் ஒரு குழந்தைக்குச் சேந்து வந்தா நோய். ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. தம்பிக்கு இப்போ சொந்தத்துலயே பேச்சு நடக்குது, அவனுக்கும் அந்த ஜீன் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. வீட்டுல இத எடுத்தப்போ பெரிய சண்டை, மாமா, அதாவது என் மாமனாரு, "எங்க ரத்தத்துல குத்தம்னு சொல்றியா"ன்னு எழுந்து போயிட்டாரு. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் அவரே வந்து "எப்போ போவணும்"னாரு. போற வழியில கார்ல அவர் கிட்ட மேரி வர்கீஸ் டாக்டர் கதைய சொல்லிட்டு வந்தேன், 1954-ல விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்து, வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ணவங்க, 1966-ல பாகாயத்துல சிஎம்சியோட மறுவாழ்வு நிலையம் வரக் காரணமா இருந்தவங்க. மாமா ஒண்ணும் சொல்லல, பாப்பா கையப் புடிச்சுக்கிட்டே வந்தாரு. ஜெனடிக்ஸ்ல, அதாவது மரபணு பிரிவுல பாக்கப் போறவங்க குழந்தையோட ரிப்போர்ட்டுல ஜீன்ல இருக்கற அந்த மாற்றம் எழுதியிருக்கற பக்கத்த பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, அது இருந்தா மத்தவங்களுக்கு அந்த ஒரு எடத்த மட்டும் பாத்தா போதும், சும்மா ரத்தம் குடுக்கறது தான்.

ஒரு எச்சரிக்கை. தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர் போன் பண்ணி ஸ்டெம் செல் போட்டா நடப்பான்னு சொல்லி லட்சக்கணக்குல பேசினாரு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 விதிமுறைப்படி ரத்த நோய் மாதிரி அனுமதிச்ச சிலதுக்குத் தவிர மத்ததுக்கு ஸ்டெம் செல்ல ஆராய்ச்சியா தான் குடுக்கணும், காசு வாங்கக் கூடாது. காசு கேட்டாலே போன வெச்சிடுங்க.

அரசு உதவி எதுவும் பாப்பாக்கு நாங்க கேக்கல, அவ ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வெச்சிருக்கற இந்திய வம்சாவளி. ஆனா எஸ்எஸ்பிஇ வந்த அந்தப் பையனுக்கு யுடிஐடி கார்டே, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே எடுக்காம இருந்தாங்க. 2016 சட்டத்துல நாள்பட்ட நரம்பு நோயும் ஊனமா சேத்தின்னு அவங்களுக்குத் தெரியல, கை கால் இல்லாதவங்களுக்கு மட்டும்னு நெனச்சிருக்காங்க. தம்பி கூடப் போயி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தான், மூணு நடை ஆச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு ஜெராக்ஸ் குறையுதுன்னு. கடுமையா பாதிச்சவங்களுக்கு தமிழ்நாட்டுல நாங்க போனப்போ மாசம் 2000 ரூபா உதவித்தொகை இருந்துச்சு. மூணு வருஷமா அந்த அம்மா அது இல்லாம சமாளிச்சிருக்காங்க.

போகி அன்னைக்கு தான் ரொம்ப பயந்தேன், புகைக்கும் மேளத்துக்கும். திடீர் சத்தம் கேட்டா பாப்பா உடம்பே தூக்கிப் போடும். முந்தின நாள் அம்மா தெரு பூரா போயி டயர் எரிக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. ஜன்னல் இடுக்குல ஈரத் துணி திணிச்சு வெச்சோம். விடியக்காலைல பசங்க அந்தச் சின்ன போகி மேளத்த எடுத்துக்கிட்டு வந்து எங்க வீட்டு முன்னாடி மட்டும் தட்டாம கையில புடிச்சுக்கிட்டே நடந்து போனாங்க, நாலு வீடு தாண்டி தான் திரும்ப ஆரம்பிச்சாங்க. தூரத்துலேந்து வந்த அந்தச் சத்தத்துக்கு பாப்பா வாய் ஒரு பக்கமா இழுத்தா, அது அவ சிரிப்பு.

கிளம்பற அன்னைக்கு ரெண்டாவது கால் மிதி மெஷின அந்தப் பையன் வீட்டுல குடுத்து, டியூப எது வரைக்கும் விடணும்னு மார்க்கர்ல கோடு போட்டுக் காமிச்சேன், அவங்க அம்மா செஞ்சு காட்ற வரைக்கும் கூடவே இருந்தேன். போன வாரம் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, "அக்கா, நேத்து ராத்திரி ரெண்டு வாட்டி தான் எழுந்தேன்."